கொன்கோட் என்னும் சிற்றூரும் அதன் நினைவுச் சின்னங்களும்

ஓர் ஊரின் பண்டைய நிலையை அறியப் புகுவோர் ஆங்குள்ள கற்களையும் கட்டடங்களையும் சான்றாகக் கொள்ளுதல் வழக்கம். அவை நிகழ்ச்சி நடந்த காலத்தனவாயின் நிகழ்ச்சியைப் பற்றிக் கூறும். பின்னர் நாட்டப்பட்டனவாயின், நிகழ்ச்சியைக் காட்டிலும் நாட்டியவர்களைப் பற்றியே மிகுதியும் கூறும். இவ்வேறுபாட்டை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இதனை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கொன்கோட் என்னும் ஊர் மிகவும் பொருத்தமானது. பொஸ்ரன் நகருக்கு வடமேற்கே 20 மைல் அளவில் உள்ள இவ்வூரின் குடித்தொகை 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 18,500 ஐ எட்டவில்லை. எனினும், ஒரு பெரும் போரின் தொடக்கமும், ஓர் இலக்கிய இயக்கத்தின் எழுச்சியும், காந்தியடிகளின் கருத்தைக் கவர்ந்த ஒரு கட்டுரையின் பிறப்பும் இச்சிறிய எல்லைக்குள் நிகழ்ந்தன. ஆதலின் இங்கே நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. அவை எவ்வாறு எழுந்தன, யாரை நினைவூட்டின, யாரை நெடுங்காலம் மறந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்பெரி, அசபெற் என்னும் இரண்டு சிற்றாறுகள் கூடிக் கொன்கோட் ஆறாக மாறும் இடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் குடியேறுமுன் இந்நிலம் மஸ்கெற்றக்குவிட் எனப்பட்டது. புல்வெளியினூடு ஓடும் ஆறு என்பது அதன் கருத்து. பீற்றர் பல்க்லி என்னும் போதகரும் சைமன் வில்லாட் என்னும் வணிகரும் முன்னின்று 1635 இல் இங்கே குடியேற்றத்தை நிறுவினர். கடற்கரையைவிட்டு உள்நாட்டில் அம்மாநிலத்தார் அமைத்த முதற் குடியேற்றம் இதுவே. பூர்விகக் குடிகளிடமிருந்து நிலத்தை விலைக்குப் பெற்றதை ஊரார் இன்றும் பெருமையோடு குறிப்பிடுவர். ஆறுகள் கூடுமிடத்துப் பாறையொன்றில், வெள்ளையர் வருமுன் இக்கரைகளில் அந்நிலத்துக்கு உரிய மக்கள் வாழ்ந்தனர் என்னுங் கருத்துப்படப் பொறித்த எழுத்துக்களைக் காணலாம். அது பொறிக்கப்பட்டது ஊரின் 250 ஆம் ஆண்டு நிறைவின்போது, 1885 இல். உரியவர் அகன்று இரு நூற்றாண்டு கழிந்தபின் அவர்தம் உரிமையை ஒப்புக்கொள்வதிற் பெருஞ் சிரமமில்லை. ஆயின் 1675 - 1676 மாரிகாலத்திலே நிலைமை வேறு. அப்போது நடந்த போரில் யாதொரு பங்குங் கொள்ளாத 58 கிறித்தவப் பூர்விகக் குடிகளை யோன் ஹோர் என்னும் வழக்கறிஞர் தமது வீட்டருகே குடியமர்த்திக் காத்தார். ஊராரிற் பலர் அதனை விரும்பவில்லை. படைத்தலைவன் ஒருவன் வந்து அம்மக்களைப் பொஸ்ரன் துறைமுகத்திலுள்ள தீவொன்றுக்குக் கொண்டுசென்றான்.

இனி, கொன்கோட்டின் பெயரை உலகறியச் செய்த வடபாலத்துக்கு வருவோம். பொஸ்ரனில் நிலைகொண்டிருந்த ஆங்கிலேய அரச படையினர் 700 பேர் அளவில், குடியேற்றத்தார் கொன்கோட்டிலே சேமித்து வைத்திருந்த போர்க்கருவிகளை அழித்தற்காக 1775 ஏப்பிரல் 18 இரவு புறப்பட்டனர். மறுநாள் விடியற்காலையில் லெக்சிங்ரன் என்னும் ஊரின் பொதுவெளியிலே ஊர்ப்படையினர் எண்மர் அவர்களாற் கொல்லப்பட்டனர். பின்பு கொன்கோட்டை அடைந்த அரச படை, நகர நடுவில் வண்டிச் சில்லுகளையும் பிற பொருள்களையும் குவித்து எரித்தது. அத்தீ ஊர்மன்றக் கட்டடத்திலும் பற்றிக்கொள்ள, படையினரே அதனை அணைக்க உதவினர். ஆனால், ஆற்றுக்கு அப்பால் மேட்டிலே திரண்டு நின்ற 400 ஊர்ப்படையினர் கண்டது புகையை மட்டுமே. ஊர் முழுவதையும் எரிக்கின்றனர் என அவர்கள் எண்ணினர். மேயர் யோன் பற்றிக் தலைமையில் அவர்கள் பாலத்தை நோக்கி இறங்கினர். பாலத்தைக் காத்து நின்ற அரச படையினர், ஏறக்குறைய 90 பேர், முதலிற் சுட்டனர். அயலூராகிய அக்ரனிலிருந்து வந்த ஐசாக் டேவிஸ், ஏப்னர் ஹொஸ்மர் இருவரும் வீழ்ந்தனர். பின்னர் ஊர்ப்படையினரும் சுட, அரசனின் படை பின்வாங்கியது. துவக்குகள் முழங்கியது சில நிமிட நேரமே. ஆனால் அன்று பொஸ்ரனுக்குத் திரும்பும் வழியெங்கும் மதில்களின் பின்னும் மரங்களின் பின்னும் மறைந்திருந்து சுட்டவர்களால் அரச படையில் 73 பேர் மாண்டனர். குடியேற்றத்தாரில் 49 பேர் மாண்டனர்.

இத்துணைச் சிறப்புடைய பாலத்தை ஊரார் எவ்வாறு போற்றினர்? 1793 இல் அதனைப் பிரித்து அகற்றிவிட்டனர். வீதியை வேறுவழியாகத் திருப்புதல் வசதியாயிருந்தமையே காரணம். போரில் நின்றவர்கள் உயிரோடிருந்த காலம் அது. அவர்களுக்குப் பாலம் என்பது ஆற்றைக் கடக்கும் ஒரு சாதனம். அதனைப் பேண வேண்டும் என்னும் எண்ணம் எவர்க்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பழைய வீதி அயலிலிருந்த போதகர் எஸ்ரா றிப்ளியின் மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்துவிட்டது.

நினைவைத் தூண்டியது பக்தியன்று, போட்டியே என்க. 1824 இல் பிரான்சிய வீரர் லாபாயெற் கொன்கோட்டுக்கு வந்தபோது, அந்நியப் படையை வலிமையால் முதன்முதல் எதிர்த்தது இவ்வூரே எனப் புகழ்ந்து வரவேற்புரை நிகழ்த்தினர். லெக்சிங்ரன் ஊரார் வெகுண்டனர். தம்மூரில் எண்மர் இறந்திருக்க முதன்மையைக் கொன்கோட் கொள்வதா என அவர்கள் 1825 இல் ஒரு நூலை வெளியிட்டனர். றிப்ளி 1827 இல் மறுப்பு நூல் எழுதினார். ஐம்பதாண்டு கழிந்த சாட்சியங்களை இரு சாராரும் முதியவர்களிடம் திரட்டினர். 1775 இல் லெக்சிங்ரன் மக்கள் தாம் சுடவில்லை, தாக்கப்பட்டோம் என்றே சத்தியஞ் செய்திருந்தனர். 1825 இலோ தாமும் திருப்பிச் சுட்டதாகச் சத்தியஞ் செய்தனர். முன்னையதில் ஆங்கிலேயரின் குற்றத்தை நாட்டுவது நோக்கம். பின்னையதில் தம் வீரத்தை நாட்டுவது நோக்கம். சாட்சியத்தை ஆராய்வோர் அது எக்காலத்து, எவர்முன், எதன்பொருட்டுக் கூறப்பட்டது எனக் கேட்கவேண்டியதன் அவசியத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை யாம் அறியோம்.

இப்போட்டியின் பயனாகவே கருங்கற்றூண் ஒன்று எழுந்தது. அதில் 1836 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பினும் அது திறந்துவைக்கப்பட்டது 1837 யூலை 4 ஆம் நாள். அன்று பாடுதற்கென றல்ப் வால்டோ எமெர்சன் இயற்றிய பாட்டு, தூணைக் காட்டிலும் நீண்ட புகழ் பெற்றுவிட்டது. எமெர்சன் அன்று ஊரில் இருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தூணுக்கு வேண்டிய நிலத்தை றிப்ளி வழங்கினார். ஆயின் அவரது நிலம் ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்தது. அது ஆங்கிலேயர் நின்ற கரை. பாலம் இல்லாமையால் மறுகரைக்குச் செல்லுதலும் எளிதன்று. ஆகவே எதிர்த்தவர்களின் வீரத்தைப் போற்றும் தூண், எதிர்க்கப்பட்டவர்கள் நின்ற இடத்திலே நாட்டப்பட்டது. படையெடுத்து வந்தோர் இங்கே நின்றனர், அமெரிக்கர் எதிர்க்கரையில் நின்றனர் என்று தூணின் எழுத்தே ஒப்புக்கொள்கிறது.

இது எபனீசர் ஹப்பாட் என்னும் முதிய கமக்காரரின் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1870 இல் அவர் இறந்தபோது, அமெரிக்கர் நின்ற கரையில் ஒரு சின்னம் அமைக்க 1,000 டொலர் மரணசாசனத்தில் எழுதிவைத்திருந்தார். சின்னம் அமைத்தால் அதனை அடையப் பாலமும் வேண்டுமன்றோ? இவ்வாறு, 80 ஆண்டுகளாக இல்லாதிருந்த பாலம் மீண்டும் கட்டப்பட்டது. டானியல் செஸ்ரர் பிரெஞ்ச் என்னும் உள்ளூர் இளைஞர், ஒரு கை ஏரிலும் மறு கை துவக்கிலும் படிய நிற்கும் உழவனின் உருவத்தை வடித்தார். அரசாங்கம் அளித்த பழைய பீரங்கிகளை உருக்கி அது வார்க்கப்பட்டது. எமெர்சன் பாட்டின் முதற் செய்யுள் அதன் பீடத்திற் பொறிக்கப்பட்டது. 1875 ஏப்பிரல் 19 இல், கடுங்குளிரிலே, சனாதிபதி கிறான்ற் முன்னிலையில் அச்சிலை திறந்துவைக்கப்பட்டது. வொசிங்ரனில் லிங்கனின் பெருஞ்சிலையைப் பின்னாளில் ஆக்கியவரும் இப்பிரெஞ்சே. இன்று பயணிகள் பழைய பாலமெனக் கண்டு களிப்பது 1956 இற் கட்டி 2005 இற் புதுக்கியது. இதற்கு முன்னிருந்த பாலம் 1955 ஆம் ஆண்டு வெள்ளத்தாற் சேதமுற்றது. எனவே அவ்விடத்திற் பழமையானவை ஆறும் நிலமுமே.

பாலத்தில் வீழ்ந்த இருவரும் அக்ரன் ஊரவர் என்றோம். அவ்வூரார் தம் பங்கைக் கொன்கோட் விழுங்கிவிட்டதெனக் குறைப்பட்டு, 1851 இல் தம்மூரிலே தனியாக ஒரு தூணை எழுப்பி, டேவிசின் எலும்புகளையும் அதன்கீழ் கொண்டுபோய் வைத்தனர். நாடு விடுதலை பெற்றதைவிட ஊர் பெயர் பெறுவதில் மக்களுக்குள்ள ஆர்வம் எங்கும் ஒரே தன்மையது போலும்!

பாலத்தருகே மதிலோரத்தில் ஆங்கிலேயப் போர்வீரர் இருவரின் புதைகுழி உள்ளது. பெயரற்ற அவர்களுக்கு 1910 இல் ஒரு கல் வைத்து, கவிஞர் லொவெலின் வரிகளை அதிற் பொறித்தனர். பகைவரையும் மதிக்கும் பண்பாடு பாராட்டத்தக்கதே. ஆயினும் அங்கு நடந்தது முழுவதையும் அக்கல் கூறவில்லை. காயமுற்று வீழ்ந்து எழ முயன்ற போர்வீரன் ஒருவனை ஊர் இளைஞன் ஒருவன் கைக்கோடரியால் வெட்டினான். அவ்வழியே திரும்பிய அரச படையினர் அவ்வுடலைக் கண்டு, குடியேற்றத்தார் தலைத்தோலை உரிக்கின்றனர் எனப் பரப்பினர். இதனை மறுத்தற்காக, உடல்களைப் புதைத்த இருவர் 1775 மே மாதத்தில், தாம் புதைத்த எவர்க்கும் தலைத்தோல் உரிக்கப்படவில்லை எனச் சத்தியவாக்கு அளித்தனர். சொல்லளவில் அது உண்மை. கோடரியைப் பற்றி அவர்களிடம் எவரும் வினவவில்லை, அவர்களும் கூறவில்லை. கோடரிக் கதையை நதானியல் ஹோதோர்ண் 1846 இல் தமது நூலொன்றில் எழுதி உலகறியச் செய்தார். போரின் வேறெந்தச் செய்தியைக் காட்டிலும் அவ்விளைஞனின் பிற்கால மனவேதனை எவ்வாறிருந்திருக்கும் என்பதே தம்மைப் பெரிதும் பற்றியதென அவர் குறிப்பிட்டார்.

ஹோதோர்ண் இக்கதையைக் கேட்டது பாலத்துக்கு அயலிலுள்ள பழைய போதகர் இல்லத்தில் வாழ்ந்தபோதாகும். 1770 இல் எமெர்சனின் பாட்டனார் வில்லியம் எமெர்சன் கட்டுவித்த வீடு அது. அவர் போர்ச் சண்டையைத் தம் வீட்டு நிலத்திலிருந்தே கண்டவர். அடுத்த ஆண்டிற் படைக்குப் போதகராகச் சென்று காய்ச்சலால் இறந்தார். அவர்தம் மனைவி பீபி, பின்வந்த போதகராகிய றிப்ளியை மணந்தார். பேரன் எமெர்சன் ‘இயற்கை’ என்னும் முதல் நூலின் பெரும்பகுதியை இவ்வீட்டு மேன்மாடியில் எழுதினார். 1842 இல் மணஞ்செய்து குடிவந்த ஹோதோர்ண் தம்பதியர்க்காகத் தோரோ முன்கூட்டியே காய்கறித் தோட்டம் இட்டு வைத்தார். அவர்கள் மோதிர வைரத்தாற் கீறிய எழுத்துக்களை இன்றும் சன்னற் கண்ணாடியிற் காணலாம். 1939 முதல் இவ்வீடு ஒரு பொது நம்பிக்கைப் பொறுப்பின் பாதுகாப்பில் உள்ளது.

எழுத்தாளர்களின் ஏனைய வீடுகளை விரிப்பிற் பெருகும். எமெர்சன் 1835 முதல் 1882 இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு 1872 இல் தீப்பற்றியபோது, அயலவர் ஓடிவந்து நூல்களைக் காத்ததும், நண்பர்கள் பொருள் திரட்டி அதனை மீளக் கட்டியதும், 1873 இல் அவர் வெளிநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பியபோது மணியடித்து ஊர்கூடி அழைத்துச்சென்றதும் அவ்வூர் வரலாற்றில் மனத்தைக் குளிர்விக்கும் செய்திகள். அவரது படிப்பறையின் பொருள்கள் இப்போது எதிரேயுள்ள நூதனசாலையில் இருக்கின்றன. அல்கொட் குடும்பத்தார் வாழ்ந்த பழத்தோட்ட வீட்டில் 1868 இல் லூயிசா மே அல்கொட் ‘சிறிய மாதர்’ என்னும் கதையை எழுதினார். தந்தையார் இரண்டு சன்னல்களுக்கிடையே அமைத்துக்கொடுத்த சிறு பலகையே அவரது மேசை. 1875 விழாவில் மாதர்க்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை எனப் பத்திரிகையில் வன்மையாக எழுதியவரும், 1879 இல் கல்விக்குழுத் தேர்தலுக்காகக் கொன்கோட்டில் முதலிற் பெயர் பதிந்த பெண்ணும் இவரே. அவ்வீட்டைக் காப்பாற்றி 1912 இல் நூதனசாலையாகத் திறந்தவர்களும் ஊர்ப் பெண்களே என்பதை ஈண்டுச் சேர்த்து நோக்குதல் தகும்.

நகருக்குத் தெற்கே காட்டினிடையே உள்ளது வால்டன் குளம். எமெர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், 10 அடி அகலமும் 15 அடி நீளமுங் கொண்ட ஒரு சிறு குடிலைத் தம் கையாலே கட்டி, 1845 யூலை 4 இல் அங்கே குடிபுகுந்தார் ஹென்றி டேவிட் தோரோ. ஆன செலவு 28 டொலர் 12½ சதம் என அவரே கணக்கு எழுதியுள்ளார். ஈராண்டும் ஈர்திங்களும் அங்கே தங்கினார். அக்காலத்தில், 1846 யூலையில், அடிமைமுறையை ஆதரிக்கும் அரசாங்கத்துக்குத் தலைவரி செலுத்த மறுத்தமையால் ஓரிரவு நகரச் சிறையில் வைக்கப்பட்டார். அவ்வோர் இரவின் பயனாக 1849 இல் வெளிவந்த கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலே படித்து, 1907 இல் தமது ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அதன் சுருக்கத்தை வெளியிட்டார். சிறைச்சாலை இடிக்கப்பட்டுவிட்டது. அது நின்ற இடத்தைக் காட்ட ஒரு பலகையே உண்டு. ஒரு பேரரசை அசைத்த கருத்துக்குப் பிறப்பிடமான சுவர்களைக் காட்டிலும், ஒரு பாலத்தின் மாதிரியே ஊரார்க்கு உவப்பாயிருந்தது.

குடிலின் கதையோ இன்னும் விசித்திரமானது. தோரோ வெளியேறியபின் எமெர்சன் அதனைத் தம் தோட்டக்காரனுக்கு விற்றார்; 1849 இல் கமக்காரர் ஒருவர் அதனை இழுத்துச் சென்று தானியம் வைக்கப் பயன்படுத்தினார்; 1868 இற் கூரை கழற்றப்பட்டது; எஞ்சிய பலகைகளும் பண்ணை வேலைகளிற் கரைந்தன. தோரோ இறந்து பத்தாண்டு கழிந்து, 1872 இல், அவர் நண்பர் புரொன்சன் அல்கொட் ஒரு விருந்தினரை அழைத்துச் சென்றபோது, அவ்வம்மையார் அடையாளமாக ஒரு கல்லை அங்கே வைத்தார். அன்றுமுதல் வருவோர் ஒவ்வொருவரும் ஒரு கல்லை இட்டுச் செல்ல, அது ஒரு குவியலாயிற்று. யாரும் திட்டமிடாது, பணந் திரட்டாது, விழாவெடுக்காது எழுந்த இச்சின்னமே கொன்கோட்டிலுள்ளவற்றுள் நேர்மையானது என்பது எம் கருத்து. ஆயினும் அது குடில் நின்ற சரியான நிலையத்தன்று. 1945 இல் றோலன்ட் றொபின்ஸ் என்பவர் மண்ணை அகழ்ந்து புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டபின்னரே உண்மையான இடம் உறுதியாயிற்று. தொல்பொருளியலிற் பட்டம் பெற்றவரல்லர் அவர். வீட்டுக் கண்ணாடிகளைத் துடைத்துப் பிழைத்தவர். கல்லூரி மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

இக்குளத்துக்கும் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தோரோ குடிலில் இருந்தபோது, சாள்ஸ் வில்கின்ஸ் 1785 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட பகவத்கீதையைப் படித்தார். 1843 இலேயே அவர் மனுநூலின் பகுதிகளைத் தெரிந்து ‘டயல்’ இதழில் வெளியிட உதவியிருந்தார். 1855 இல் ஆங்கில நண்பர் சொல்மொன்ட்லி அவருக்கு 44 தொகுதிகள் கொண்ட இந்து சமய நூற்றொகுதியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அவை வருமுன்னரே, ஆற்றில் மிதந்துவந்த பலகைகளைச் சேர்த்து அவற்றுக்கு அலுமாரி செய்து காத்திருந்தார் தோரோ. 1846 - 1847 மாரியில் வணிகர்கள் கூலியாட்களைக் கொண்டு வால்டன் குளத்துப் பனிக்கட்டியை வெட்டிக் குவித்தபோது, அது சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் செல்லும் என்றும், தம் குளத்து நீர் கங்கை நீரோடு கலக்கும் என்றும் எண்ணி மகிழ்ந்தார். பொஸ்ரன் வணிகர் பிரெடரிக் ரூடர் 1833 முதல் இந்தியாவுக்குப் பனிக்கட்டி அனுப்பியதும், சென்னைக் கடற்கரையில் அதற்கென மாளிகை கட்டியதும் வரலாறு. 1897 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிச் சென்ற விவேகானந்த சுவாமிகள் சென்னையில் ஒன்பது நாள் தங்கியது அந்த ஐஸ் ஹவுஸ் மாளிகையிலேதான். இதனைக்கொண்டு, வால்டன் நீர் சென்னையை அடைந்தே தீர்ந்ததென நம்மவர் சிலர் எழுதுவர். தோரோவின் நூலையே முழுதும் படிப்பின், அம்மாரியில் 10,000 தொன் என மதிக்கப்பட்ட அக்குவியலின் ஒரு பகுதியே அகற்றப்பட்டதென்பதும், எஞ்சியது 1848 செப்ரெம்பர் வரை வெயிலிற் கிடந்து உருகிப் பெரும்பாலும் குளத்தையே சேர்ந்ததென்பதும் புலப்படும். கவிஞனின் விருப்பத்தை வரலாறாகக் கொள்ளுதல் தகாது.

தோரோவின் புகழ் உலகெங்கும் பரவிய பின்னும் அவரது குளம் துன்புற்றது. 1866 இல் புகையிரதக் கம்பனியார் அங்கே களியாட்டப் பூங்கா அமைத்தனர்; அது 1902 இல் எரிந்தொழிந்தது. 1922 இல் எமெர்சன் குடும்பத்தாரும் அயல் நிலவுரிமையாளர் சிலரும், குளத்தையும் கரைகளையும் எமெர்சன், தோரோ காலத்து நிலையிலே காத்துப் பொதுமக்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனையோடு 80 ஏக்கர் அளவான நிலத்தை மாநிலத்துக்கு நன்கொடையாக அளித்தனர். ஆனால் 1957 இல், நிர்வாகப் பொறுப்பிலிருந்த மாவட்ட ஆணையாளர் நீராடுதுறையை விரிவாக்கும்பொருட்டு மரங்களைத் தறித்துக் கரையைச் சரிக்கத் தொடங்கினர். ஊரவர் சிலர் குழுவமைத்து வழக்குத் தொடுத்தனர். மாநில உயர்நீதிமன்றம் 1960 இல், நன்கொடை நிபந்தனை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. 1922 ஆம் ஆண்டு உறுதியில் அந்த ஒரு வாக்கியம் எழுதப்படாதிருந்தால் தோரோவின் புகழ் மாத்திரம் ஒரு மரத்தையேனும் காத்திராது. கோயில், பாடசாலை முதலியவற்றுக்கு நிலதர்மஞ் செய்வோரும் அவற்றைப் பொறுப்பேற்போரும் உறுதியின் வாசகத்தைக் கவனித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வழக்கு உணர்த்தும்.

நகர நடுவில், குன்றின்மேல் உள்ள பழைய இடுகாட்டில் யோன் யாக் என்பவரின் கல்லறை உள்ளது. ஆபிரிக்காவிற் பிறந்து, கொன்கோட்டிலே சப்பாத்துத் தைக்கும் ஒருவரிடம் அடிமையாயிருந்து, தம் உழைப்பாலே தம்மை விடுவித்துக்கொண்டு, நிலமும் வாங்கி, 1773 இல் இறந்தவர் அவர். அவரது கல்லில் உள்ள வாசகம் மிகவும் கூர்மையானது. அடிமைகள் வாழும் நாட்டிற் பிறந்தும் அவர் சுதந்திரராய்ப் பிறந்தார், சுதந்திரம் பேசும் நாட்டில் வாழ்ந்தும் அடிமையாய் வாழ்ந்தார் என்பது அதன் கருத்து. வரிக்கொடுமையை அடிமைத்தனம் என மேடைதோறும் முழங்கிய ஊராரின் முகத்துக்கு நேரே கூறப்பட்ட சொல் அது. எழுதியவர் டானியல் பிளிஸ் என்னும் வழக்கறிஞர். அவர் அரசனின் பக்கத்தவர். 1775 மார்ச்சில் வேவுபார்க்க வந்த ஆங்கிலேய அலுவலர்க்கு வீட்டில் உணவளித்து, அவர்களோடு ஊரைவிட்டே சென்றார். அவர் சொத்துப் பறிமுதலாயிற்று. பழைய போதகர் இல்லத்துப் பீபியின் உடன்பிறந்தாரும் அவரே. அவ்வில்லத்திலும் அடிமைகள் இருந்தனர். ஊரின் சுதந்திர முழக்கத்திலிருந்த முரண்பாட்டைக் கல்லில் எழுதத் துணிந்தவர் சுதந்திரப் போரின் எதிரி என்பதனால் அச்சொல்லின் உண்மை குறைந்துவிடாது; அச்சொல் உண்மை என்பதனால் அவர் நோக்கம் தூயதென்றும் ஆகிவிடாது.

மசச்சூசெற்சில் அடிமைமுறை 1783 அளவில் நீதிமன்றத் தீர்ப்புக்களால் ஒழிந்தது. விடுதலை பெற்றோர்க்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை. வால்டன் காட்டின் மணற்பாங்கான ஓரங்களிலும் வயல்வெளியின் விளிம்புகளிலும் அவர்கள் குடியேறினர். தோரோ தமது நூலின் ஓர் இயலிலே, தமக்கு முன் அக்காட்டில் வாழ்ந்த கேற்றோ, சில்பா, பிறிஸ்ரர் பிறீமன் ஆகியோரை நினைவுகூர்கிறார். அவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் அவர் கண்டது நிலவறைக் குழிகளையே. விடுதலைப் போரிற் படையாளாக நின்ற சீசர் றொபின்ஸ் என்பவரின் மக்கள் வாழ்ந்த சிறு வீடு ஒன்று மாத்திரம் அழியாது எஞ்சியது. அவர் பேர்த்தி எலென் கரிசன் அங்கே 1823 இற் பிறந்தவர். 1835 இல் ஊரின் 200 ஆம் ஆண்டு ஊர்வலத்தில், வெள்ளையச் சிறுமி ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் முகஞ் சுளித்தனர். வளர்ந்தபின் விடுதலை பெற்ற மக்களுக்கு ஆசிரியையாகப் பணிபுரிந்த எலென், 1866 இல் போல்ற்றிமோர் புகையிரத நிலையத்து மகளிர் அறையிலிருந்து வெளியே தள்ளப்பட்டபோது, அவ்வாண்டு புதிதாக இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் கீழ் நீதி கேட்டு முறையிட்டார்.

அவ்வீடு 1870 அளவில் முந்திய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு வேறொரு வீதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பல்லாண்டு கழிந்து அதனை இடிக்கும் நிலைமை நேர்ந்தபோது, ஊரவர் சிலர் பொருள் திரட்டி, 2011 இல் மறுபடியும் முழுதாகத் தூக்கி, பழைய போதகர் இல்லத்துக்கு எதிர்ப்புறத்தே வைத்தனர். வடபாலத்தைக் காண வருவோர் தம் வண்டிகளை நிறுத்துமிடத்தின் அருகே இப்போது அது நிற்கிறது. பாலத்தையும் தூணையும் சிலையையும் காண நடப்பவர்கள் அதன் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும்.